திரும்ப முளைத்த பித்தப்பை

மறுபரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு நீங்கள் நிரப்புகிற தாளில் முதல் கட்டம் பெயருக்கானது அல்ல, வயதுக்கானதும் அல்ல. ‘தழும்பைக் கண்ணால் பார்த்தேன்’ என்று அச்சடித்திருக்கும். பக்கத்தில் கையெழுத்துக்கு இடம். போன வாரம் நான் வேலை பார்த்த பழைய ஆஸ்பத்திரியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அந்தக் கட்டத்தைக் காட்டி, “இது எதுக்கு சார்? வர்றவங்களையெல்லாம் சட்டையத் தூக்குங்கன்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருக்குது. ஒரு தாத்தா நேத்து, நீ தூக்குறியான்னு கேக்குறாரு” என்றாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கட்டம் வந்ததற்கே நான்தான் காரணம் என்று அன்றைக்குச் சொல்ல நேரமில்லை, நகரி பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது. அதனால் எழுதி அனுப்புகிறேன். அந்தப் பெண்ணிடமும் கொடுங்கள்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். நகரியில் எங்கள் நைனாவுக்கு இரண்டு பவர்லூம் இருந்தன. அந்தச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்ததால் எனக்கு மெதுவாகப் பேச வராது. திருப்பதிக்கு வந்து வார்டு உதவியாளாகச் சேர்ந்த முதல் வாரமே, தூங்கிக்கொண்டிருந்த நோயாளிகள் மூன்று பேரை வணக்கம் சொல்லி எழுப்பிவிட்டேன். அப்படிப்பட்டவனை வார்டில் வைத்திருக்க முடியாதென்றுதான் டாக்டர் வெளியூர் வேலைக்கு அனுப்பினார் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

டாக்டர் என்று நான் எழுதினால் அது எங்கள் பெரிய டாக்டர்தான். ஈரல், இரைப்பை, குடல், இவற்றில் வரும் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்கிறவர். நெற்றியில் நாமம் இல்லாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டேன் என்பதால் என்னை ‘ஸ்வாமி’ என்றே கூப்பிடுவார். அவருக்கு ஓர் ஆராய்ச்சி இருந்தது. ஈரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் மிச்சமிருப்பது வளர்ந்து பழைய அளவுக்கு வந்துவிடும். எல்லோருக்கும் ஒரே மாதிரி வளருமா, சர்க்கரை உள்ளவருக்கு எப்படி, குடித்துக் கெடுத்துக்கொண்டவருக்கு எப்படி, எத்தனை மாதத்தில் எவ்வளவு என்று வருடக்கணக்காக எழுதிக்கொண்டே வந்தார்.

“வெட்டுறது என் வேலை, வளக்கிறது பெருமாள் வேலை. அவரு எப்படி வேலை செய்யறாருன்னு தள்ளி நின்னு பாத்து எழுதிக்கினா, அதுதான் ஸ்வாமி ரிசர்ச்” என்பார்.

இதைவிட எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பெருமாளுடைய வேலையைப் பதிவேட்டில் எழுதுகிற உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும்? ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் பென்சிலால் ‘கோவிந்தா’ என்று எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

என் வேலை இதுதான். ஆபரேஷன் ஆகிப் போனவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும். வராதவர்களுக்குப் போன் செய்வது, போன் எடுக்காவிட்டால் பஸ் ஏறிப் போவது. குடிபாலாவிலிருந்து ஏர்பேடு வரைக்கும் எந்த ஊரில் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது எனக்கு மனப்பாடம். “ஊர்ல கீற வயித்தையெல்லாம் விசாரிச்சிக்கினு வர்ற. துன்னியான்னு உன் வயித்த யாரும் விசாரிக்கல போல” என்று சொல்லிக்கொண்டே என் மனைவி சோறு போடுவாள்.

அந்த வேலையில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் தாங்காது. பதிவேட்டில் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வாசல் தெளிக்காத வீட்டைப் பார்த்தது மாதிரி மனசு உறுத்தும். எப்படியாவது நிரப்பிவிட வேண்டும். டாக்டர் இதைப் பாராட்டவும் செய்தார். பாராட்டு கிடைத்த பழக்கம் கெட்ட பழக்கம் என்று யாருக்குத் தெரியும்?

பங்காருபாளையம் பக்கத்தில் முனிரத்தினம் என்று ஒரு மாந்தோப்புக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஈரலின் வலது பக்கத்தில் கட்டி. டாக்டர் அந்தப் பக்கம் முழுவதையும் எடுத்து, கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பையையும் எடுத்தார். வலது பக்கத்து ஈரலை எடுக்கிற எல்லோருக்கும் பித்தப்பையும் சேர்ந்தே போய்விடும், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு ஜூன் மாதம். மனிதர் நன்றாகத் தேறி, தையல் பிரிக்க வந்துபோனார். அதற்குப் பிறகு வரவில்லை.

டிசம்பரில் ஆறு மாதக் கணக்கு வந்தது. கட்டம் காலி. பதிவேட்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தவர் தம்பி தாமோதரன்.

“அண்ணன் வரமாட்டேன்னு கீறாரு சார்” என்றார்.

“வரலன்னா எப்படிப்பா? இங்க கட்டம் காலியா கீது.”

“நான் சொன்னாக் கேக்கமாட்டாரு சார்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. வர்ற திங்கக்கிழமை உங்க வீட்டுல இருந்து யாராவது வந்துதான் ஆகணும்.”

யாராவது வந்துதான் ஆகணும். நான் சொன்ன வார்த்தை அதுதான். அண்ணனை இழுத்துக்கொண்டு வா என்கிற அர்த்தத்தில்கூடச் சொல்லவில்லை. போனை வைப்பதற்கு முன்னால் கெட்டியாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

திங்கட்கிழமை முனிரத்தினம் வந்தார். ஏகாதசி நெரிசல் நேரம். ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் மலைக்குப் போய் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் காயாமல் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் மாஸ்க் கட்டாயம் என்றிருந்த காலம். நான் “முனிரத்தினம்” என்று கூப்பிட்டேன். ஒரு மொட்டைத் தலை கையைத் தூக்கியது. கார்டில் இருந்த போட்டோவில் சுருட்டை முடி, முறுக்கு மீசை. எதிரில் சந்தனத் தலை, கண் இரண்டு, காது இரண்டு. காதைப் பார்த்தேன், அதே காது. சதை போட்டிருக்கிறாரே என்று மட்டும் ஒரு நிமிஷம் தோன்றியது. பெருமாள் கருணை என்று நினைத்துக்கொண்டு ரத்தம் எடுக்க அனுப்பினேன். ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது. கட்டம் நிறைந்தது. அன்றைக்கு நான் பக்கத்து டீக்கடையில் ஒரு போண்டா கூடுதலாகத் தின்றேன்.

அடுத்த ஜூனில் ஒரு வருடக் கணக்கு. இந்த முறை ஸ்கேன். ஒரே போன், அதே பேச்சு. அவரும் சொன்ன தேதிக்கு வந்தார், மறுபடியும் மொட்டை. ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டை எழுதுகிறவன் நான். ‘ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்’ என்று அதில் ஒரு வரி எழுத வேண்டும். அன்றைக்குக் கூட்டம். எழுதவில்லை. படம் எங்கோ வெளியூரில் இருக்கும் ஒரு டாக்டருக்கு கம்ப்யூட்டரில் போய், அவர் பார்த்து, ரிப்போர்ட் திரும்பி வந்தது.

அடுத்த வார வெள்ளிக்கிழமை திருப்பதியில் பெரிய கூட்டம் ஒன்று இருந்தது. பல ஊர்களிலிருந்து ஈரல் டாக்டர்கள் வருகிறார்கள். இங்கே கூட்டம் வைத்தால் வராமல் யாரும் இருக்கமாட்டார்கள். முதல் நாள் காலையில் ஹால் நிறைந்திருக்கும், மத்தியானத்துக்கு மேல் எல்லோரும் தரிசனத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் டாக்டர் காலை நேரத்தையே கேட்டு வாங்கியிருந்தார். எங்கள் சின்ன டாக்டரம்மா அட்டவணை தயார் செய்துகொண்டிருந்தார். அவருக்கு முப்பது வயது, டாக்டரிடம் ஆராய்ச்சி கற்றுக்கொள்ள வந்தவர். அந்த அட்டவணையிலேயே நன்றாக வளர்ந்த ஈரல் முனிரத்தினத்துடையது. “ஒரு வருஷத்துல இவ்ளோ வளந்தது இந்த மனுஷனுக்கு மட்டும்தான்” என்று டாக்டர் அதற்குத் தனியாக ஒரு படம் போடச் சொல்லியிருந்தார். என்னையும் ஹாலுக்கு வரச்சொல்லி, கடைசியில் எழுந்து நிற்க வைக்கப்போவதாகச் சொன்னார். நான் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் பதிவேட்டில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. எழுத்தைப் பார்த்து எழுத்தை இறக்குவேன். நெசவுக்காரன் பிள்ளைக்கு டிசைனைப் பார்த்து இறக்குவது கஷ்டமில்லை. அப்படி எழுதிக்கொண்டே வந்தவன் ஒரு பத்தியில் ‘நார்மல்’ என்று எழுதிவிட்டு நின்றுவிட்டேன். புடவை ஓடும்போது ஒரு இழை மாறினால் கண்ணில் படுமே, அந்த மாதிரி. மேலே இருக்கும் எல்லோருக்கும் அந்தப் பத்தியில் ஒரு கோடுதான் இருக்கிறது. இவருக்கு மட்டும் வார்த்தை இருக்கிறது. தலைப்பைப் பார்த்தேன். பித்தப்பை.

சின்ன டாக்டரம்மாவிடம் போனேன்.

“மேடம், ஒரு சந்தேகம். எடுத்துப் போட்ட பித்தப்பை திரும்ப வளருமா?”

“ஈரல்தான் வளரும். பித்தப்பை வளர அது என்ன முருங்கை மரமா, வெட்ட வெட்டத் துளிர்க்க?” என்று கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்.

“இவருக்கு முளைச்சிருக்குதுங்க.”

அவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். மேலேயும் கீழேயும் உருட்டினார். அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. “நான் அளவு மட்டும் எடுத்துக்கினேன். படத்தப் பாக்கவே இல்ல” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “இது கத்தியே படாத ஈரல். யாருது இது?” என்று கேட்டார்.

போனை எடுத்தேன்.

“தாமோதரா, உண்மையச் சொல்லுப்பா. போன வாரம் மெஷின்ல படுத்தது யாரு?”

“நான்தான் சார்.”

“டிசம்பர்ல ரத்தம் குடுத்தது?”

“அதுவும் நான்தான். ஏன் சார், ரத்தம் நல்லா இல்லியா?”

“ரத்தத்துக்கு ஒண்ணும் இல்ல. உன்ன யாருப்பா வரச்சொன்னா?”

“நீங்கதான சார் யாராவது வரணும்னீங்க.”

“பேரக் கூப்பிட்டப்போ கையத் தூக்கினியே.”

“அண்ணன் பேரக் கூப்பிட்டீங்க. அண்ணனுக்காகத்தான வந்தேன், தூக்கினேன்” என்றார். அவர் குரலில் துளிக்கூடத் திருட்டு இல்லை. “அண்ணன் ஆபரேசன்ல கீறப்போ அவரால மலையேற முடியுமா? நான்தான் ஏறனேன். அவருக்காக நான் மொட்ட போட்டேன். சாமி ஒத்துக்கினாரு, அண்ணன் பொழச்சாரு. சாமியே ஒத்துக்கினத டாக்டர் ஒத்துக்கமாட்டாரா?”

நீங்கள் சிரிக்கலாம். என் மனைவிக்கு முழங்கால் வலி என்று வேண்டிக்கொண்டு, அவளுக்காக நான் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறியவன். வலி அவளுக்கு, படி எனக்கு. அதைப் பெருமாள் ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிற நான், தாமோதரனிடம் எந்த வாயால் சண்டை போடுவது?

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மேஜைமேல் ஒயிட்னர் பாட்டில் இருந்தது. ஒரு வார்த்தையை வெள்ளையடித்து ஒரு கோடு போட்டால் போதும். டாக்டரம்மாவும் நானும் தவிர யாருக்கும் தெரியாது. நாளைக்கு டாக்டர் படத்தைக் காட்டுவார், எல்லோரும் கை தட்டுவார்கள், நான் இஸ்திரிச் சட்டையில் எழுந்து நிற்பேன். பாட்டிலைக் கையில் எடுக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். எடுத்தேன், குலுக்கியும் பார்த்தேன். பிறகு பக்கத்தின் தலைப்பில் என் கையால் எழுதிய கோவிந்தா கண்ணில் பட்டது. பாட்டிலை வைத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன். டாக்டரம்மாவும் பின்னாலேயே வந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டை, காது, சந்தனம், போண்டா வரைக்கும். டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். “ஸ்வாமி, சாமி ஒத்துக்கினாரா? நான் இத்தன வருஷம் படிச்சதுல இது எங்கியும் இல்லியே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தைரியம் வந்து சிரித்தேன்.

திடீரென்று அவர் சிரிப்பு நின்றது.

“சரி, இது தம்பி ஈரல்” என்றார். “நான் வெட்டின ஈரல் எங்க?”

அதுவரைக்கும் நான் என் தப்பைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவேட்டைப் பற்றி, மானத்தைப் பற்றி, நாளைக்கு நடக்கும் கூட்டத்தைப் பற்றி. உண்மையான முனிரத்தினத்தை நான் நினைக்கவே இல்லை. பதினோரு மாதமாக அந்த மனிதரின் வயிற்றை ஒருவரும் பார்க்கவில்லை. கட்டி திரும்ப வருவதானால் முதல் வருடத்திலேயே வரலாம் என்பதை அந்த அறையில் ஆயிரம் தடவை கேட்டவன் நான். காலிக் கட்டமாக விட்டிருந்தால் டிசம்பரிலேயே பஸ் ஏறிப் போயிருப்பேன். நிரப்பினேனே, அதனால் போகவில்லை.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். “சார், அந்த ஒரு லைன எடுத்துட்டா போதும். யாரும் கேக்கமாட்டாங்க.”

“கேக்கமாட்டாங்கம்மா” என்றார் டாக்டர். “ஆனா ஒருத்தர நாம பாக்காமலே நல்லா கீறாருன்னு எழுதினோம். அத நாளைக்கு நானே சொல்லிடறேன். இன்னொரு ஊர்லயும் ஒரு தம்பி இருப்பான் இல்ல?” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஸ்வாமி, கூட்டத்துக்கு நீங்க வேணாம். நாளைக்கு முதல் பஸ்ல போங்க. ஆளோட வாங்க.”

இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டேதான் பஸ் ஏறினேன். வேறு சட்டை துவைத்திருக்கவில்லை. காணிப்பாக்கம் பிரிகிற இடத்தில் ஜன்னல் வழியாகப் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். சித்தூரில் பஸ் மாறினேன்.

முனிரத்தினம் வீட்டில் இல்லை. மாங்காய் ஏற்றிக்கொண்டு ஜூஸ் ஃபேக்டரி வரிசைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அந்தப் பக்கத்தில் ஜூன் மாத வரிசை எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தோதாபுரிக் காய் ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். டிராக்டருக்குக் கீழேயே சமையல், அங்கேயே தூக்கம். ஒவ்வொரு டிராக்டராகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இந்த முறை காதைப் பார்க்கவில்லை.

தாமோதரன்தான் முதலில் என்னைப் பார்த்தார். ஓடிவந்து, “ஏமி சார், இங்கியே வந்துட்டீங்க? ரத்தம் திரும்ப வேணுமா?” என்றார். அவருக்குப் பின்னால் டிராக்டர் நிழலில் துண்டை விரித்துச் சுருட்டை முடியோடு, முறுக்கு மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார். என் கண் கலங்கிவிட்டது.

“முனிரத்தினம்?” என்றேன்.

“நான்தான்” என்றார். “உக்காருங்க சாமி. மாங்கா துன்றீங்களா?”

“சட்டையத் தூக்குங்க.”

அவர் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூக்கினார். வலது விலாவுக்குக் கீழே, டாக்டர் போட்ட தழும்பு வளைந்து கிடந்தது. நான் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

தம்பி பண்ணியது அண்ணனுக்குத் தெரிந்தே இருந்தது. “போய்ட்டு வரேன்னான். சரின்னேன். அவன் ரிப்போர்ட்டு நல்லா வந்துச்சின்னு சந்தோசப்பட்டோம்” என்றார்.

“நீங்க ஏன் வரல?”

“எதுக்கு சாமி? கட்டிய டாக்டர் எடுத்தாரு. மிச்சத்த ஏழுமலையான் பாத்துக்கினாரு. நல்லா துன்றேன், நல்லா தூங்கறேன். இதுக்கு மேல மெஷின்ல போட்டுப் பாக்கறது சாமிய சந்தேகப்படற மாதிரி. குடுத்தவரு எதிர்லயே எண்ணிப் பாக்கலாமா?”

நாமம் போட்டவன் எதிரில் உட்கார்ந்துகொண்டு அவர் இதைச் சொல்கிறார். டாக்டராக இருந்தால் படம் வரைந்து விளக்குவார். எனக்கு வரையத் தெரியாது. நியாயம் பேசி ஜெயிக்கிற அளவுக்குப் படிக்கவும் இல்லை. உள்ளே இருந்ததைச் சொன்னேன்.

“அய்யா, நீங்க சாமிய சந்தேகப்பட வேணாம். நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். உங்களக் கண்ணால பாக்காமலே ரெண்டு தடவ, நல்லா கீறாருன்னு எழுதிட்டேன். எழுதின பக்கத்துல மேல சாமி பேரு, கீழ என் பொய். அத நான் அழிக்க முடியாது. நீங்க வந்து படுத்தாத்தான் அழியும். உங்களுக்காக வரவேணாம். எனக்காக வாங்க.”

முனிரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்து டிராக்டர்காரர், “போய்ட்டு வாயா. நாமம் போட்ட மனுசன் கெஞ்சறாரு” என்றார்.

“உங்களுக்காகன்னா வரேன்” என்றார் முனிரத்தினம். “எனக்குன்னா வரமாட்டேன்.” எழுந்து துண்டை உதறியவர், வரிசையைப் பார்த்துத் திரும்பவும் நின்றார். “வண்டிய விட்டுட்டு எப்படி வர்றது? விட்டா இடம் போயிடும்.”

“நான் உனக்காக நிக்கறேன், போண்ணா” என்றார் தாமோதரன். சொல்லிவிட்டு என்னைப் பயத்தோடு பார்த்தார். “இதுக்கு நிக்கலாமா சார்?”

“இதுக்கு நிக்கலாம்” என்றேன். “மாங்காய்க்குத் தழும்பு கிடையாது.”

நாங்கள் திருப்பதி போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. எல்லா டாக்டர்களும் மலைக்குப் போய்விட்டிருந்தார்கள். எங்கள் டாக்டர் மட்டும் ஆஸ்பத்திரியில் காத்திருந்தார். காலையில் நடந்ததை டாக்டரம்மா எனக்குச் சொன்னார். டாக்டர் அந்தப் படத்தைத் திரையில் போட்டு, “இந்த அட்டவணையிலேயே அழகான ஈரல் இதுதான். இது என் நோயாளியுடையது அல்ல” என்று ஆரம்பித்தாராம். ஹால் முழுக்கச் சிரிப்பு. பிறகு, “என் நோயாளி எப்படியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இந்த நிமிஷம் எங்கள் ஆள் ஒருவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார்” என்றதும் சிரிப்பு நின்றுவிட்டதாம். கூட்டம் முடிந்ததும் மூன்று ஊர் டாக்டர்கள் தங்கள் பதிவேடுகளைச் சரிபார்க்கச் சொல்லிப் போன் செய்துகொண்டிருந்தார்கள் என்று டாக்டரம்மா சொன்னார்.

நான் எழுந்து நிற்கவேண்டிய நேரத்தில் டிராக்டர் வரிசையில் நடந்துகொண்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்த முறை ஸ்கேன் சீட்டில் எல்லா வரியும் எழுதினேன். டாக்டர் மெஷின் பக்கத்திலேயே நின்று படத்தைப் பார்த்தார். ஈரல் நன்றாகத்தான் வளர்ந்திருந்தது, தம்பியுடையது அளவுக்கு அழகாக இல்லை. அந்தப் புது ஈரலின் ஓரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. டாக்டர் அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். “இப்ப எடுத்துடலாம். அடுத்த வருஷம் பாத்திருந்தா எடுக்க இடம் இருந்திருக்காது” என்று என்னிடம் மட்டும் சொன்னார். திட்டவில்லை. அன்றைக்குத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முனிரத்தினத்திடம் டாக்டரே சொன்னார். அவர் கேட்டுக்கொண்டு, “எனக்காக வரல டாக்டர். இந்த சாமிக்காக வந்தேன்” என்றார்.

“யாருக்காக வந்தா இன்னா, வந்தது நீங்கதான?” என்றார் டாக்டர்.

அன்றைக்குச் சாயங்காலமே மறுபரிசோதனைத் தாளில் அந்த முதல் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். மறுவாரம் ஆபரேஷன். அதற்கு முன்னால் வீட்டார் ஒருவர் ரத்தம் கொடுக்க வேண்டும். தாமோதரன் மாங்காயை இறக்கிவிட்டு, கையில் பிசின் கறை போகாமல் ஓடிவந்தார். ரத்த வங்கிக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம், “இதையாவது அண்ணனுக்காக நான் குடுக்கலாமா சார்? அப்பறம் தப்புன்னு போன் பண்ணமாட்டீங்களே” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

“குடுக்கலாம்பா. இது உன்னோடதாத்தான் இருக்கணும்.”

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த சிஸ்டர் தாளை எடுத்து வைத்து, “பேரு செப்பண்டி” என்றார்.

“முனிரத்தினம்” என்றார் தாமோதரன். பழக்கம்.

நான் அவர் தோளைத் தொட்டேன். “உன் பேரச் சொல்லுப்பா.”

அவர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “தாமோதரன்” என்றார். எங்கள் ஆஸ்பத்திரித் தாள் ஒன்றுக்கு அவர் தன் சொந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சிஸ்டர் எழுதிக்கொண்டு, யாருக்காக என்று கேட்டார்.

“எங்க அண்ணன், முனிரத்தினம்” என்று சொல்லிவிட்டுத் தாளை எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தத் தாளில் இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கட்டம் இருந்தது. அவர் சட்டைக் கையை மடக்கி, இரண்டு கையையும் நீட்டினார்.